ஈ.கோலையின் வீரிய மரபணுக்கள்: சலக்கிருமி சிலருக்கு மட்டும் சிறுநீரகம் வரை ஏறுவது ஏன்?

சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலை பற்றீரியாவில் 'வீரிய மரபணுக்கள்' (கிருமி நோயுண்டாக்க உதவும் மரபணுக்கள்) காணப்பட்டன என்று ஓர் ஆய்வுச் செய்தி வந்தால் வாசிப்பவர் மனதில் மூன்று கேள்விகள் எழும். அந்த மரபணு இருந்தால் மருந்து கேட்காதா? ஒரே ஈ.கோலை ஒருவருக்குச் சலக்கடுப்போடு நிற்க, இன்னொருவரை நடுக்கக் காய்ச்சலோடு போதனா வைத்தியசாலை விடுதியில் படுக்க வைப்பது எப்படி? இதைத் தனியாகக் காசு கட்டிப் பரிசோதிக்க வேண்டுமா? முதலாவதற்குப் பதில்: அந்த மரபணுவால் மருந்து கேட்காமல் போகாது. மூன்றாவதற்கு: வேண்டியதில்லை. ஏன் என்பது இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது.

## தொற்று எங்கே தொடங்குகிறது

சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை வெளியில் இருந்து வருவதில்லை. நோயாளியின் சொந்தக் குடலில் வாழும் கிருமி சிறுநீர்வழியின் வாயிலுக்கு வந்து, அங்கிருந்து சலப்பைக்கும், சில வேளை சிறுநீரகக்கான் வழியாகச் சிறுநீரகத்துக்கும் ஏறுகிறது. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர், ஆண்களுடையது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். பெண்களுக்கு இந்தத் தொற்று கூடுதலாக வருவதற்கு முதற்காரணம் இந்த நீள வித்தியாசம்தான்.

வேறு உடற்குறை இல்லாதவர்களுக்கு வரும் தொற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்கு ஈ.கோலையே காரணம். கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்ரரோகொக்கஸ், ஸ்ரபிலோகொக்கஸ் சப்ரோபிற்றிக்கஸ் ஆகியவை மீதியைப் பங்கிடுகின்றன. ஈ.கோலை எல்லோருடைய குடலிலும் இருக்கிறது. பெரும்பாலான ஈ.கோலை சலப்பையில் தாக்குப்பிடிக்காது. தாக்குப்பிடிப்பவைக்கு மேலதிகமாக ஏதோ வேண்டும்.

## ஒரே பெயர், வேறு வேறு உடைமை

தியோடர் எஷரிக் 1885இல் விவரித்த இந்தக் கிருமியின் ஆய்வுகூட இனமான கே-12இன் மரபுத்தொகுதி 1997இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 46 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். 2002இல் சி.எஃப்.ரி.073 என்ற இனம் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் கடும் சிறுநீரகத் தொற்றுடன் வந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுக்கப்பட்டது அது. அதன் நீளம் ஏறத்தாழ 52 இலட்சம் எழுத்துகள். இரண்டுக்கும் பெயர் ஈ.கோலைதான். ஆனால் இந்த இரண்டையும் குடலில் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் மூன்றாவது ஓர் இனத்தையும் ஒப்பிட்டபோது, மூன்றுக்கும் பொதுவான புரதங்கள் மொத்தத்தில் 40 வீதத்தைக்கூட எட்டவில்லை.

கூடுதலாக இருக்கும் எழுத்துகள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதில்லை. பெரும்பகுதி சில பெரிய துண்டுகளாகச் செருகப்பட்டிருக்கிறது. இவற்றை நோய்த்தீவுகள் என்பார்கள். இவை வேறு பற்றீரியாக்களிடமிருந்து வந்தவை என்பதற்கு அடையாளம், அவற்றின் எழுத்து விகிதம் மீதி மரபுத்தொகுதியின் விகிதத்தோடு பொருந்தாமல் இருப்பது. வழக்கமாக, புரதம் கட்ட உதவும் ரி.ஆர்.என்.ஏ. மரபணுக்களின் அருகிலேயே செருகப்பட்டிருக்கும். வீரிய மரபணு என்று செய்திகளில் வருபவற்றில் பல இந்தத் தீவுகளில் இருப்பவை.

## சலப்பை முதல் சிறுநீரகம் வரை: எந்த மரபணு எங்கே உதவுகிறது

1. ஒட்டிக்கொள்ளுதல். சிறுநீர் பாயும்போது ஒட்டாதது எல்லாம் அடித்துச் செல்லப்படும். ஆகவே முதல் தேவை பற்றுநார், அதாவது கிருமியின் மேற்பரப்பிலிருந்து நீளும் ஒட்டும் இழை. ஈ.கோலையின் முதலாம் வகைப் பற்றுநாரின் நுனியில் ஃபிம்-எச் என்ற புரதம் இருக்கிறது. அது சலப்பைச் சுவரின் மேற்கலங்களில் உள்ள யூரோபிளாக்கின் புரதத்தின் மனோஸ் சர்க்கரையைப் பிடிக்கும். இந்தப் பிடிக்கு ஒரு விசேட குணம் உண்டு. பாயும் நீர் இழுக்கும்போது அது கழலாமல் மேலும் இறுகும், கொக்கத்தடியின் கொளுக்கி கிளையில் மாட்டி இழுக்க இழுக்க இறுகுவதுபோல. ஓட்டம் குறைந்த நேரம் பிடி தளர்ந்து கிருமி நகர்ந்து பரவ முடிகிறது.

சிறுநீரகத்தில் வேறு நார் வேண்டும். அது பி-பற்றுநார், அதன் நுனிப்புரதம் பாப்-ஜி. இது பிடிப்பது பி (ஆங்கில P) இரத்தவகைத் தொகுதியைச் சேர்ந்த, இரண்டு கலக்ரோஸ் இணைந்த சர்க்கரையை. நாம் வழமையாகச் சொல்லும் ஏ, பி, ஓ வகைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாப்-ஜியில் மூன்று முக்கிய வடிவங்கள் உண்டு. அவற்றுள் இரண்டாம் வடிவமே சிறுநீரகத் தொற்றோடும் இரத்தத்தில் கிருமி பரவுவதோடும் உறுதியாகத் தொடர்புபட்டது. 2020இல் வெளியான பெரிய மரபுத்தொகுதி ஒப்பீடு ஒன்றும் இதையே காட்டியது: உடலுக்குள் ஊடுருவிய இனங்களைச் சலப்பையோடு நின்ற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் தலையாய அடையாளம் இந்த வடிவம். ஒரு மரபணுவை மட்டும் கவனிக்க இடமிருந்தால் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

2. கலத்துக்குள் ஒளிதல். ஃபிம்-எச் ஒட்டிய பிறகு கிருமி மேற்கலத்துக்குள் உள்வாங்கப்படும். உள்ளே பெருகி நெருக்கமான கூட்டமாகும். பிறகு கலம் வெடித்துக் கிருமிகள் வெளியே வரும். இது எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்டது. தொற்றுள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த கலங்களிலும் இத்தகைய கூட்டங்கள் காணப்பட்டுள்ளன. மருந்து முடித்துச் சில கிழமைகளில் அதே கிருமி திரும்பி வருவதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இது ஒன்று. மற்றது, குடலில் இருக்கும் அதே இனம் மறுபடி ஏறுவது.

3. இரும்பு தேடல். சிறுநீரில் எடுக்கக்கூடிய இரும்பு மிகக் குறைவு. இரும்பில்லாமல் பற்றீரியா பெருகாது. எல்லா ஈ.கோலையும் என்ரரோபக்ரின் என்ற இரும்புபற்றியைச் சுரக்கும். நம் உடல் அதற்கு எதிராக லிப்போகலின்-2 என்ற புரதத்தை விட்டு அதைப் பிடித்து முடக்கும். வீரிய இனங்கள் இதைத் தாண்டுகின்றன. சல்மோகெலின் என்பது சர்க்கரை சேர்த்து உருமாற்றிய என்ரரோபக்ரின். லிப்போகலினால் அதைப் பிடிக்க முடியாது. ஏரோபக்ரின், யேர்சினியாபக்ரின் இரண்டும் வேறு கட்டமைப்புடையவை, அவையும் தப்பும். ஆய்வு அட்டவணைகளில் ஐ.ஆர்.ஓ.என்., ஐ.யு.ரி.ஏ., எஃப்.வை.யு.ஏ. என்று வருபவை முறையே இந்த மூன்றையும் உள்ளே எடுக்கும் வாங்கிகளின் மரபணுக்கள்.

4. நஞ்சு. ஆல்பா ஹீமோலைசின், அதாவது எச்.எல்.வை.ஏ., கலச்சவ்வில் துளையிடும். சி.என்.எஃப்.1 என்ற நஞ்சு கலத்தின் உட்சட்டகத்தை நடத்தும் ரோ வகைப் புரதங்களை நிரந்தரமாக இயங்க வைத்துக் கலத்தின் வடிவத்தைக் குலைக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே தீவில் அடுத்தடுத்து இருப்பவை. ஓர் அட்டவணையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வீதத்தில் வந்தால் அது இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஆகாது. ஒரு தீவின் இரண்டு தடயங்கள் என்றே எடுக்க வேண்டும்.

5. தப்பித்தல். கே-1, கே-5 போன்ற உறைகள் இரத்தத்தில் உள்ள காப்புப் புரதங்களிடமிருந்தும் விழுங்கு கலங்களிடமிருந்தும் மறைக்கும். இரத்தத்துக்குள் போன கிருமிக்கே இது முக்கியம்.

புரோட்டியஸ் வேறு வழியில் போகிறது. அதன் யூரியேஸ் மரபணுக்கள் யூரியாவை அமோனியாவாக உடைக்கும். சிறுநீர் காரமாகும். மக்னீசியம், அமோனியம், பொஸ்பேற்று சேர்ந்து கல்லாகப் படியும். கிருமி அந்தக் கல்லுக்குள் இருக்கும், மருந்து உள்ளே போகாது. கல் எடுக்கப்படாமல் தொற்று மாறாது.

## இருப்பது வேறு, இயங்குவது வேறு

செய்திகளில் தவறவிடப்படும் இடம் இதுதான்.

ஃபிம் மரபணுக்களை இயக்கும் ஆளி 314 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு. அது ஒரு பக்கம் பார்த்தால் நார் உண்டாகும். தலைகீழாகத் திரும்பினால் உண்டாகாது. ஃபிம்-பி, ஃபிம்-ஈ என்ற இரண்டு நொதியங்கள் அதைத் திருப்புகின்றன. ஒரே குப்பியில் உள்ள ஒரே இனத்தில் ஒரு பகுதி கிருமிகள் நாருடனும் மறுபகுதி நாரின்றியும் இருக்கும். மரபணு இருக்கிறதா என்று டி.என்.ஏ.யைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை இரண்டையும் 'உண்டு' என்றே காட்டும்.

இன்னொரு சிக்கல்: ஃபிம்-எச், நோயுண்டாக்காத கே-12 உட்பட, கிட்டத்தட்ட எல்லா ஈ.கோலையிலும் இருக்கிறது. 'நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரிகளில் ஃபிம்-எச்' என்ற வரி நோயாளிக்கு எந்தப் புதுச் செய்தியும் சொல்லாது. குடலில் அமைதியாக இருக்கும் ஈ.கோலையையும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் மட்டுமே வீதங்களுக்குப் பொருள் உண்டு. ஒப்பீட்டுக் குழு இல்லாத அட்டவணையை வைத்து 'ஆபத்தான இனங்கள் பரவுகின்றன' என்று எழுதுவது மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

எதிர்ப்பக்க உதாரணம் ஈ.கோலை 83972. சுவீடனில் ஒரு சிறுமியின் சலப்பையில் மூன்று ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்ந்த இனம் இது. மரபுத்தொகுதியைப் பார்த்தால் இது வீரிய இனங்களின் வழிவந்தது. ஆனால் ஃபிம் கூட்டத்தில் 4,000க்கு மேற்பட்ட எழுத்துகள் அழிந்திருந்தன. பாப்-ஜியில் எழுத்து மாற்றங்கள் விழுந்து புரதம் வேலை செய்யவில்லை. நோயுண்டாக்கிய மூதாதையின் ஆயுதங்கள் பழுதாகி, கிருமியும் ஆளும் சமாதானமாக இருந்திருக்கிறார்கள். பின்னர் மருத்துவர்கள் இதே இனத்தை, அடிக்கடி தொற்று வரும் சில நோயாளிகளின் சலப்பையில் வேண்டுமென்றே குடியேற்றி, வீரிய இனங்கள் இடம்பிடிக்காமல் தடுக்க முயன்றிருக்கிறார்கள்.

ஆளின் நிலையும் கணக்கில் சேரும். கதீற்றர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டவருக்கு வீரிய மரபணு எதுவும் இல்லாத ஈ.கோலையும் போதும், ஏனென்றால் குழாயே ஒட்டுவதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. கதீற்றர் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 வீதம். கல், சலப்பை முழுதாக வெறுமையாகாமை, கட்டுப்பாடற்ற சலரோகம் (நீரிழிவு) ஆகியவையும் இப்படியே பலவீனமான கிருமிக்குக் கதவு திறக்கும். இப்படி உடற்காப்புக் குறைந்த நோயாளிகளிடம் எடுத்த இனங்களில் வீரிய மரபணு குறைவாகக் காணப்படுவது இதனால்தான்.

## ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எங்கே பிழை நேர்கிறது

படிமுறை எளிது. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் வழமையாக நடப்பது:

1. வளர்ப்புத் தகட்டில் தனியாக வளர்ந்த ஒரு குடியிருப்பை (ஒரு கிருமியிலிருந்து பெருகிய புள்ளியை) தொட்டு 200 மைக்ரோலீற்றர் தூய நீரில் கலக்குதல்.
2. 95 முதல் 100 பாகை செல்சியசில் 10 நிமிடம் சூடாக்கிக் கலங்களை உடைத்தல்.
3. மையநீக்கியில் சுற்றி, மேலே தெளிந்த நீரில் 2 முதல் 5 மைக்ரோலீற்றர் எடுத்து, 25 மைக்ரோலீற்றர் பி.சி.ஆர். கலவையில் சேர்த்தல்.
4. 94 பாகையில் இழைபிரித்தல், 55 முதல் 63 பாகைக்குள் முதலிகள் (தேடும் மரபணுவில் ஒட்டும் குறுகிய டி.என்.ஏ. துண்டுகள்) ஒட்டுதல், 72 பாகையில் நீட்டுதல்: ஏறத்தாழ 30 சுற்று.
5. 1.5 முதல் 2 வீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பட்டைகளைப் பார்த்தல்.

பிழைகள் பெரும்பாலும் இந்த இடங்களில் நிகழும்.

கலப்பட மாதிரி முதற்காரணம். ஒரு தகட்டில் இரண்டு இனங்கள் இருந்து, அள்ளியெடுத்தது கூட்டமாக இருந்தால், இரண்டு இனங்களின் மரபணுக்களும் ஒரே இனத்தின் கணக்கில் சேரும். அடுத்தது சேமிப்பு. சில தீவுகள் நிலையற்றவை. கிழமைக்குக் கிழமை புதுத் தகட்டுக்கு மாற்றி வளர்த்தால் தீவு முழுதாகக் கழன்றுபோகலாம். முதல் நாள் எச்.எல்.வை.ஏ. இருந்த இனத்தில் ஆறு மாதம் கழித்து இல்லாமற் போகும். ஆகவே முதல் வளர்ப்பிலேயே 15 முதல் 20 வீதக் கிளிசரோலில், சுழியத்துக்குக் கீழே 70 பாகை அல்லது அதற்கும் குளிரில் வைத்துவிட வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் இதற்கு மாற்று மின்சாரம் ஆடம்பரம் ஆகாது.

மூன்றாவது, கட்டுப்பாட்டு மாதிரிகள். சி.எஃப்.ரி.073 போன்ற நேர் மாதிரியும், (ஃபிம்-எச் தவிர்ந்தவற்றுக்கு) கே-12 எதிர் மாதிரியும், டி.என்.ஏ. இடாத வெற்றுக் குழாயும் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். வெற்றுக் குழாயில் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

மரபணு உண்மையில் இயங்குகிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இரத்த அகாரில் ஒரு இரவு வளர்த்தால் ஹீமோலைசின் சுரக்கும் குடியிருப்பைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். முதலாம் வகை நாருக்கு, கண்ணாடித் தகட்டில் ஈஸ்ற்றுடன் கலந்தால் துகள்துகளாகத் திரளும், மனோஸ் சேர்த்தால் திரளாது. வளர்ப்பு முறை இங்கே முக்கியம்: ஆட்டாமல் வைத்த திரவ ஊடகத்தில் முதலாம் வகை நார் கூடும், அகார் தகட்டில் பி-நார் கூடும். தகட்டிலிருந்து நேரே எடுத்து ஈஸ்ற் சோதனை செய்தால் 'இல்லை' என்று தவறாக வரலாம்.

## வீரியமும் மருந்தெதிர்ப்பும் ஒன்றல்ல

வீரிய மரபணு கிருமியை நோயுண்டாக்க வைக்கிறது. எதிர்ப்பு மரபணு மருந்திலிருந்து காப்பாற்றுகிறது. ஹீமோலைசின், பாப்-ஜி எல்லாம் இருக்கும் ஒரு கொடிய இனம் சாதாரண மருந்துக்கே மடியலாம். வீரியமற்ற இனம் எந்த வாய்வழி மருந்துக்கும் அசையாமல் இருக்கலாம். குயினோலோன் மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள பழைய இனங்களில் வீரிய மரபணுக்கள் குறைவாகவே காணப்பட்டன.

அந்த ஆறுதலைக் குலைத்தது 2008இல் அடையாளம் காணப்பட்ட எஸ்.ரி.131 என்ற குலம். வீரிய மரபணுக்கள் நிறைந்த பி-2 (B2) என்ற ஈ.கோலை மரபுப் பிரிவைச் சேர்ந்தது. குயினோலோன் எதிர்ப்பும் உண்டு. சி.ரி.எக்ஸ்-எம்-15 என்ற நொதியத்தால் செபலோஸ்போரின் மருந்துகளையும் உடைக்கும். கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ஈ.எஸ்.பி.எல். என்று குறித்திருந்தால் இவ்வகை நொதியம் இருக்கிறது என்று பொருள். எஸ்.ரி.131தான் என்று பொருளில்லை.

## மரபணுவைக் குறிவைக்கும் மருந்து வந்ததா?

ஃபிம்-எச் மனோசைப் பிடிக்கிறது என்றால் மனோசைக் குடித்தால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறாதா என்ற எண்ணம் இயல்பானது. டி-மனோஸ் தூள் அந்த எண்ணத்தில்தான் விற்கப்படுகிறது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 600 பெண்களுக்கு நாளுக்கு 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024இல் வெளியான சோதனையில், மீண்டும் தொற்று வருவது குறையவில்லை. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் விலையுயர்ந்த தூளை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்கக்கூடாது.

வெற்றி கண்டது எளிய வழி. அடிக்கடி சலப்பைத் தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பெண்களிடம் நாளுக்கு மேலதிகமாக ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொன்ன 2018 சோதனையில், ஓராண்டில் தொற்று ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. ஒட்டுமுன் அடித்துச் செல்லுதல் என்ற முதற்படித் தர்க்கம் இங்கே வேலை செய்கிறது. சோளகக் காற்றில் வியர்வை தெரியாமலே நீர் வற்றும் யாழ்ப்பாணத்து மாதங்களில், தோட்டத்தில் நிற்பவர்களும், கழிவறை வசதிக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்க்கும் ஆசிரியைகள், கடைப் பெண்கள், மாணவிகளும் இதைக் கவனிக்க வேண்டும். இருதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டே கூட்டலாம்.

## அறிக்கை கையில் இருப்பவருக்கு

வழமையான கல்ச்சரில் வீரிய மரபணு பார்ப்பதில்லை, பார்த்தாலும் மருந்துத் தெரிவு மாறாது. முடிவைத் தீர்மானிப்பவை அறிகுறி, கிருமி எண்ணிக்கை, எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்று காட்டும் ஏ.பி.எஸ்.ரி. சோதனை ஆகிய மூன்றும்.

எண்ணிக்கை சரியாக வர மாதிரி சரியாக இருக்க வேண்டும். தண்ணீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுப்பகுதியைக் கிருமிநீக்கிய போத்தலில் பிடிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் 1 மைக்ரோலீற்றர் வளையத்தால் எடுத்துத் தகட்டில் இடுவார்கள். அதில் 100 குடியிருப்பு வளர்ந்தால் மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சம். ஈ.கோலை நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. நெடுந்தீவிலோ வடமராட்சியிலோ பிடித்த மாதிரி வெயிலில் பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் சில நூறு கிருமி இலட்சமாகிவிடும். இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வைத்து, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவந்து, 24 மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்கலாம். பிடித்த நேரத்தைப் போத்தலில் எழுதுங்கள். அன்ரிபயோற்றிக் தொடங்கியபின் எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம்.

யூ.எஃப்.ஆர். (சிறுநீரின் முழுப் பரிசோதனை) அறிக்கையின் நைத்திரைற்று பற்றியும் ஒரு குழப்பம் இங்கே உண்டு. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பதால் அது சிறுநீரில் 'பொசிற்றிவ்' காட்டுமா என்று கேட்கிறார்கள். நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுவது கிருமிதான், கிணற்று நீர் மட்டும் அதைச் செய்யாது. என்ரரோகொக்கஸ் இந்த மாற்றத்தைச் செய்வதில்லை, அதனால் 'நெகற்றிவ்' வந்தாலும் தொற்று இருக்கலாம்.

அறிகுறி இல்லாதவருக்குக் கிருமி வளர்ந்தால், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பாதைச் சத்திரசிகிச்சைக்குத் தயாராகுபவர்களுக்கும் தவிர, பொதுவாக மருந்து தேவையில்லை. சலரோகம் உள்ள பெண்களுக்கும் இதே விதி. தேவையில்லாத மருந்து 83972 போன்ற சாதுவான இனத்தைத் துரத்தி, எதிர்ப்புள்ள இனத்துக்கு இடம் கொடுக்கும்.

ஏ.பி.எஸ்.ரி. வரிகளிலும் ஒரு பொறி உண்டு. நைத்திரோபியூரன்ரொயின் 'சென்சிற்றிவ்' என்று இருந்தாலும் அது சலப்பைத் தொற்றுக்கு மட்டுமே ஏற்றது. சிறுநீரக இழையத்தில் போதிய அளவு சேராது. புரோட்டியசை அது இயல்பாகவே கொல்லாது. காய்ச்சலோடு இருப்பவர் பழைய அறிக்கையைக் காட்டி மருந்துக்கடையில் அதை வாங்கிப் போட்டால் எரிவு குறையும், சிறுநீரகத்தில் தொற்று தொடரும்.

நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்க நோ, வாந்தி, குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது கர்ப்பமாக இருந்தாலும், கல்ச்சர் முடிவுக்காக இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. மாதிரியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.